விட்ஜெட்ட மூணு தடவ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, சண்ட போடவா விட்டுடவா?

வாசகர் கேட்டது இது, கொஞ்சம் சுருக்கியிருக்கேன்:

"அண்ணா வணக்கம். பகல்ல ஒரு கம்பெனில வேல, ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து எட்டு மாசமா ஐபோனுக்கு ஒரு ஆப் பண்ணேன். அதுல மெயினே விட்ஜெட்தான், ஹோம் ஸ்க்ரீன்லயே நிக்கற குட்டி பெட்டி. மேல அன்னைக்கு செய்ய வேண்டிய வேலைங்க லிஸ்ட், நடுவுல அடுத்த வேலைக்கு இன்னும் எத்தன நிமிஷம் எத்தன செகண்ட்னு ஓடுற கவுண்ட்டவுன், கீழ மத்த ஆப்ஸ திறக்க நாலு ஐகான், ஓரத்துல சின்னதா 'ப்ரோ வாங்குங்க'னு ஒரு பட்டை. ஆப்பிளோட ஆப் ஸ்டோர் ரிவ்யூல மூணு தடவ ரிஜெக்ட் ஆயிடுச்சு. காரணம்னு ரூல் நம்பர்தான் குடுக்குறாங்க, மொதல்ல 2.5.18, அப்புறம் 4.2, கடைசியா 2.5.16. லாட்டரி நம்பர் மாதிரி வந்துட்டே இருக்கு. இது பத்தாதுனு டெஸ்ட்ஃப்ளைட்ல (ஸ்டோருக்கு முன்னாடி ஆப்ப சோதிச்சுப் பாக்கக் குடுக்குற வழி) குடுத்த ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் 'மத்தியானத்துக்கு மேல விட்ஜெட் அப்டியே நின்னுடுது'ங்கறாங்க, என் போன்ல சூப்பரா ஓடுது. வேணும்னே சின்ன டெவலப்பரோட விட்ஜெட்ட அமுக்குறாங்களோனு சந்தேகமா இருக்கு. ஒரு நண்பர் ப்ரைவேட் ஏபிஐ, அதாவது ஆப்பிள் தனக்குன்னு உள்ளுக்குள்ள வச்சிருக்கற கோட், அத வச்சு ஒரு ட்ரிக் சொல்லிக் குடுத்தாரு, போட்டுடலாமா? காசு குடுத்து வாங்குன போன்ல என்ன இருக்கணும்னு சொல்ல இவங்க யாரு? சண்ட போடவா, ஆண்ட்ராய்டுக்கு போயிடவா?"

தம்பி, உங்க மெயில ரெண்டு தடவ படிச்சேன். கோவம் நியாயம்தான், ஆனா நாலு வேற வேற பிரச்சனைய ஒரே மூட்டையா கட்டி அதுக்கு மேல 'ஆப்பிள் அநியாயம்'னு எழுதி வச்சிருக்கீங்க. பிரிச்சுப் பாத்தா ஒண்ணு உங்க தப்பு, ஒண்ணு யாரோட தப்பும் இல்ல, ஒண்ணுதான் நிஜமாவே சண்ட போடுற அளவுக்கு இருக்கு. நாலாவது அந்த ப்ரைவேட் ஏபிஐ, அத தொடவே தொடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல அந்த மத்தியானம் நின்னு போற மேட்டர். இதுல ஆப் ஸ்டோர் ரிவ்யூ எங்கயுமே வரல. ஐபோன் விட்ஜெட்ங்கறது ஓடிக்கிட்டே இருக்குற ஒரு குட்டி ஆப் இல்ல, பாதிப் பேர் அப்டித்தான் நெனச்சு கோட் எழுதுறாங்க, நானும் 2020ல ஐஓஎஸ் 14 வந்தப்ப அப்டித்தான் எழுதி மாட்டிக்கிட்டேன். விட்ஜெட்ங்கள நடத்துற ஆப்பிளோட விட்ஜெட்கிட் உங்க எக்ஸ்டென்ஷன, அதாவது ஆப்போட விட்ஜெட் பகுதிய, கொஞ்ச நேரம் எழுப்பும், நீங்க 'ஒம்பது மணிக்கு இப்டி காட்டு, ஒம்பதரைக்கு இப்டி காட்டு'னு ஒரு டைம்லைன் குடுப்பீங்க, அத வாங்கி வச்சுக்கிட்டு உங்கள திரும்பத் தூங்க வச்சுடும். அப்புறம் ஸ்க்ரீன்ல தெரியுறதெல்லாம் ஏற்கனவே எடுத்து வச்ச ஃபோட்டோங்கள நேரத்துக்கு நேரம் மாத்தி மாட்டுற மாதிரிதான். உங்க கோட் அப்ப ஓடல.

புதுசா டைம்லைன் கேட்டு எத்தன தடவ எழுப்பும்ங்கறதுக்கு ஒரு பட்ஜெட் இருக்கு. ஆப்பிள் டாக்குமெண்டேஷன்லயே இருக்கு, அடிக்கடி பாக்குற விட்ஜெட்டுக்கு ஒரு நாளைக்கு பொதுவா 40ல இருந்து 70 ரெஃப்ரெஷ், அதாவது கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு. அதே பக்கத்துல இன்னொரு வரி இருக்கு, அதத்தான் யாரும் படிக்கறதில்ல: டீபக் பண்ணும்போது, அதாவது கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டி தப்பு தேடும்போது, இந்த லிமிட் கிடையாது. புரியுதா, நீங்க ஆப் எழுதுற எக்ஸ்கோட்ல கேபிள் மாட்டி ரன் பண்ணி பாத்துட்டே இருந்தீங்க, உங்களுக்கு பட்ஜெட்டே இல்ல, இஷ்டத்துக்கு ஓடிச்சு. டெஸ்ட்ஃப்ளைட்ல வாங்குன ஃப்ரெண்டுக்கு பட்ஜெட் உண்டு, காலைல இருந்து நிமிஷத்துக்கு ஒரு ரீலோட் கேட்டு எல்லாத்தையும் செலவழிச்சுட்டீங்க, மத்தியானத்துக்கு மேல கைல ஒண்ணும் இல்ல. அமுக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல, பர்ஸ் காலி அவ்ளோதான்.

இதுக்கு வழி ரொம்ப சிம்பிள், சொன்னா நொந்துக்குவீங்க. செகண்ட் ஓடுறதுக்கு ரெஃப்ரெஷே வேணாம். ஸ்க்ரீன் வரையற ஆப்பிளோட ஸ்விஃப்ட்யூஐ டெக்ஸ்ட்லயே ஒரு டைமர் ஸ்டைல் இருக்கு, ஒரு தேதிய குடுத்துட்டா சிஸ்டமே செகண்ட் செகண்டா எண்ணி காட்டும், உங்க பட்ஜெட்ல இருந்து ஒரு பைசா போகாது. ஒரே ஒரு இடத்துல ஜாக்கிரதை, வெறும் தேதி மட்டும் குடுத்தா நேரம் முடிஞ்சு ஜீரோ வந்தப்புறம் திரும்ப மேல் பக்கமா எண்ண ஆரம்பிச்சுடும், யூசர் பாத்துட்டு 'என்னடா இது'ம்பாரு. ஐஓஎஸ் 16ல இருந்து டைமர் இன்டர்வல்னு ஆரம்பமும் முடிவும் சேத்து குடுக்குற வகை வந்துச்சு, அதப் போடுங்க, முடிவுல நின்னுடும்.

அடுத்தது லிஸ்ட். உங்க ஆப்ல வேலைங்களோட நேரம் முன்னாடியே தெரியும் இல்லையா? அப்ப எதுக்கு நிமிஷா நிமிஷம் எழுப்பி கேக்கணும். பத்து வேல இருந்தா பத்து என்ட்ரி, காலைல ஒரே டைம்லைன்ல மொத்த நாளையும் குடுத்துடுங்க, அது ஒரே ஒரு ரெஃப்ரெஷ் கணக்கு. என்ட்ரிங்களுக்கு நடுவுல அஞ்சு நிமிஷமாவது இடைவெளி விடச் சொல்றாங்க, உங்க மாதிரி ஆப்புக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல. யூசர் ஆப்ப திறந்து எதையாவது மாத்துனா அப்ப ரீலோட் கூப்டுங்க, ஆப் ஃபோர்கிரவுண்ட்ல இருக்கும்போது கேக்குறது பட்ஜெட்ல சேராது. வேலைய முடிச்சுட்டேன்னு விட்ஜெட்லயே டிக் அடிக்கறதுக்கு 2023ல ஐஓஎஸ் 17ல இருந்து பட்டனும் டாகிளும் வந்துடுச்சு, தொட்டா என்ன செய்யணும்னு எழுதி வைக்கற ஆப் இன்டென்ட் வழியா போகும், யூசர் தொட்டா ரீலோட் கண்டிப்பா நடக்கும். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் விட்ஜெட்ல எங்க தொட்டாலும் ஆப்தான் திறக்கும், அந்த காலத்துல டூ-டூ ஆப் பண்ணவங்க பட்ட பாடு இருக்கே, அது தனிக் கதை.

இப்ப அந்த 'ப்ரோ வாங்குங்க' பட்டை. இது உங்க தப்பு தம்பி, நேராவே சொல்லிடறேன். 2.5.18 விளம்பரம் மெயின் ஆப்ல மட்டும்தான், எக்ஸ்டென்ஷன், விட்ஜெட், நோட்டிஃபிகேஷன், கீபோர்டு எதுலயும் கூடாதுங்குது. 4.4ல எக்ஸ்டென்ஷன்ல மார்க்கெட்டிங்கும் கூடாது, வாங்கச் சொல்றதும் கூடாதுனு தனியாவே இருக்கு. உங்க சொந்த ப்ரோ வெர்ஷன்தானே, அது விளம்பரமானு நீங்க வாதாடலாம், ஜெயிக்க மாட்டீங்க. எனக்கும் இந்த ரூல் பிடிச்ச ரூல்தான், ஹோம் ஸ்க்ரீன்ல ஒவ்வொரு சதுரமும் 'வாங்கு வாங்கு'னு கத்துனா அந்த போன யார் கைல எடுப்பா? பட்டைய எடுத்துட்டு ஆப்புக்குள்ள செட்டிங்ஸ்ல வைங்க. இத எடுக்காம மத்த ரெண்டுக்கும் சண்டைக்குப் போனா ரிவ்யூ பண்றவர் மொதல்ல இதத்தான் பாப்பாரு, உங்க பேச்சுக்கு மரியாத இருக்காது.

மூணாவதுதான் உங்க நெஜ கேஸ், அந்த நாலு ஐகான். இங்க உங்க பக்கம் நியாயம் இருக்கு, வரலாறும் இருக்கு. 2014 செப்டம்பர்ல ஐஓஎஸ் 8 வந்தப்ப நோட்டிஃபிகேஷன் சென்டர்ல மொத மொதல்ல விட்ஜெட் வைக்க விட்டாங்க. பிகால்க்னு ஒரு கால்குலேட்டர், ஜேம்ஸ் தாம்சன் பண்ணது, அதுல விட்ஜெட்லயே கணக்கு போடலாம். ஸ்டோர்ல அப்ரூவ் ஆச்சு, சிறந்த விட்ஜெட்னு ஆப்பிளே எடுத்து முன்னாடி வச்சாங்க, அக்டோபர் கடைசில அதே ஆப்பிள் 'விட்ஜெட்ல கணக்கு போடக்கூடாது, எடுத்துடு'ன்னாங்க. கால்குலேட்டர்ல கணக்கு போடாம பின்ன என்ன பண்றது! தாம்சன் அத வெளிய சொன்னாரு, ஊரே சிரிச்சுது, சில நாள்லயே பின்வாங்கிட்டாங்க. உங்களோடது மாதிரியே லாஞ்சர்னு ஒரு ஆப், கிரெக் கார்ட்னர் பண்ணது, விட்ஜெட்ல ஐகான் வச்சு மத்த ஆப்ஸ திறக்கும். அதையும் அப்ரூவ் பண்ணி சில நாள்ல தூக்குனாங்க, திரும்ப உள்ள விட 2015 மார்ச் ஆயிடுச்சு, கிட்டத்தட்ட ஆறு மாசம். அதே 2014 டிசம்பர்ல ட்ராஃப்ட்ஸ் ஆப்போட விட்ஜெட்ல இருந்த பட்டன எடுக்கச் சொன்னதும் நடந்துச்சு, அதையும் அப்புறம் மாத்திக்கிட்டாங்க.

இத ஏன் சொல்றேன்னா, இதுல ஒண்ணுலயும் எழுதி வச்ச ரூல் மாறல, அத படிக்கற ஆளோட அர்த்தம்தான் மாறுச்சு. போன் தாங்காதுனு இல்ல, பேட்டரி தீந்துடும்னு இல்ல, 'விட்ஜெட்னா இதுக்குத்தான்'னு ஒருத்தர் மனசுல ஒரு படம் இருந்துச்சு, அவ்ளோதான். உங்களுக்கு வந்த 4.2 கூட அப்டிப்பட்டதுதான், 'ஆப்ல போதுமான விஷயம் இல்ல'ங்கறது, ரப்பர் மாதிரி எவ்ளோ வேணா இழுக்கலாம். ஆனா 2.5.16 கொஞ்சம் கெட்டியானது, விட்ஜெட் உங்க ஆப்போட உள்ளடக்கத்துக்கும் வேலைக்கும் சம்பந்தப்பட்டதா இருக்கணும்ங்குது. டூ-டூ லிஸ்ட் ஆப்ல சம்பந்தமே இல்லாம நாலு ஆப் ஐகான் நின்னா, பாக்குறவருக்கு 'இது ரெண்டும் எதுக்கு ஒண்ணா இருக்கு'னு தோணத்தான் செய்யும்.

அதனால நான் உங்க எடத்துல இருந்தா இப்டி பண்ணுவேன். ஐகான மொத்தமா தூக்க மாட்டேன், வேலையோட கோத்து விடுவேன். ஒவ்வொரு வேலைக்கும் 'இத எதுல செய்யப் போறீங்க'னு ஆப்புக்குள்ள ஒரு ஃபீல்டு, மெயிலா, போன் காலா, மேப்பா, நோட்ஸா. விட்ஜெட்ல அந்த வேலைக்குப் பக்கத்துலயே அந்த ஒரு ஐகான். தொட்டா மொதல்ல உங்க ஆப் திறந்து அங்க இருந்து அடுத்த ஆப்புக்குப் போகும், எப்டியும் விட்ஜெட்ல இருந்து நேரா இன்னொரு ஆப்புக்கு தாவ முடியாது, உங்க ஆப் வழியாத்தான் போகணும். சின்ன சைஸ் விட்ஜெட்ல லிங்க் ஒண்ணே ஒண்ணுதான் வைக்க முடியும், அங்க இத போடாதீங்க, மீடியத்துல ஆரம்பிங்க. இது ரிவ்யூவ ஏமாத்தற வேலையானு கேட்டா இல்ல, நெஜமாவே இப்டி இருந்தாத்தான் யூசருக்கும் அந்த ஐகான் எதுக்குனு தெரியும். நாலு ஐகான் சும்மா நிக்கறத விட 'பதினொரு மணி, அக்கவுண்டன்டுக்கு போன்'னு எழுதி பக்கத்துலயே போன் ஐகான் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!

அதுக்கப்புறமும் ரிஜெக்ட்னா சண்ட போடுங்க, தாராளமா. ஆனா சண்டைக்கும் ஒரு மொறை இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு க்ளையன்டுக்கு வானிலை விட்ஜெட் பண்ணேன், ஒரு ஸ்டோர்ல மாட்டிக்கிச்சு, எந்த ஸ்டோர்னு கேக்காதீங்க. ராத்திரி உக்காந்து நாலு பக்கத்துக்கு எழுதுனேன், டெவலப்பர் உரிமை, நியாயம், அந்த ஆப்ப விட்டீங்களே இந்த ஆப்ப விட்டீங்களேனு. மூணு நாள் கழிச்சு பழைய அதே ரெண்டு வரி திரும்ப வந்துச்சு. க்ளையன்ட் என்ன பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. அடுத்த தடவ அஞ்சே வரி, கூட ஒரு முப்பது செகண்ட் வீடியோ, ரெண்டே நாள்ல பாஸ். அந்தப் பக்கம் இருக்குறவர் நாள் பூரா ஆப் ஆப்பா பாத்துட்டு இருக்கற மனுசன், உங்க தத்துவம் அவருக்கு வேணாம், டிக் அடிக்க ஒரு காரணம் வேணும். மத்த ஆப்ஸ இழுக்கறது எனக்குத் தெரிஞ்சு ஒரு தடவ கூட வேலைக்கு ஆகல.

இன்னொன்னு, நெறய பேருக்கு இது தெரியல. 2020ல ஹேங்கற மெயில் ஆப்போட அப்டேட்ட ஆப்பிள் ரிஜெக்ட் பண்ண விவகாரம் பெருசா வெடிச்சப்புறம் ஆப்பிள் ரெண்டு விஷயத்த மாத்துனாங்க. ஒண்ணு, என் ஆப் ரூல மீறலனு அப்பீல் பண்றது மட்டும் இல்ல, அந்த ரூலே தப்புனும் முறையா சொல்லலாம். ரெண்டு, ஏற்கனவே ஸ்டோர்ல இருக்குற ஆப்னா பக் ஃபிக்ஸ் அப்டேட்ட சட்டப் பிரச்சனை, பாதுகாப்புப் பிரச்சனை தவிர மத்த ரூல் மீறலுக்காக நிறுத்தி வைக்க மாட்டாங்க. இந்த ரெண்டாவதுக்காகவே சொல்றேன், மொதல்ல விட்ஜெட்ல ஐகானே இல்லாம, லிஸ்ட்டும் கவுண்ட்டவுனும் டிக் பட்டனும் மட்டும் வச்சு ஆப்ப ஸ்டோர்க்குள்ள கொண்டு போயிடுங்க. அடுத்த அப்டேட்ல ஐகான், அது மாட்டிக்கிட்டாலும் பக் ஃபிக்ஸ் நிக்காது. உள்ள இருந்துக்கிட்டு வாதாடறது வேற, வாசல்ல நின்னு வாதாடறது வேற. எட்டு மாச உழைப்பு நாலு ஐகானுக்காக வெளிய நிக்கக்கூடாது.

அப்புறம் உங்க நண்பர் குடுத்த ட்ரிக். எதுன்னு நீங்க எழுதல, ஆனா விட்ஜெட்டுல அசையற அனிமேஷன் வேணும்னு ரொம்ப பேர் சுத்துற ஒண்ணு இருக்கு, கடிகார முள்ள சுத்த வைக்கறதுக்காக ஆப்பிள் உள்ளுக்குள்ள வச்சிருக்கற ஒரு எஃபெக்ட், அதத்தான் குடுத்திருப்பாருனு நெனைக்கிறேன். அழகா சுத்தும், ஒத்துக்கறேன். ஆனா 2.5.1 பப்ளிக் ஏபிஐ மட்டும்தான்னு சொல்லுது, இதுல ரப்பர் இல்ல, இழுக்க முடியாது. மாட்டாம தப்பிச்சாலும் அடுத்த ஐஓஎஸ் வரும்போது அவங்க அந்த உள் பேர மாத்திட்டா ஒரே ராத்திரில எல்லா யூசரோட விட்ஜெட்டும் காலியாயிடும், ஒரு ஸ்டார் ரிவ்யூ எல்லாம் உங்க பேர்லதான் வரும், நண்பர் பேர்ல வராது. உங்களுக்கு வேணுங்கறது செகண்ட் ஓடுறதுதான், அதுக்கு நேர் வழி மேலயே சொல்லிட்டேன்.

ஆண்ட்ராய்டுக்கு போயிடவானு கேட்டீங்க. போங்க, ஆனா சுதந்திரம் தேடி போகாதீங்க, யூசர் தேடி போங்க. அங்க 2009ல 1.5 வெர்ஷன்லயே விட்ஜெட் இருந்துச்சு, லாஞ்சரையே, அதாவது ஹோம் ஸ்க்ரீனையே மாத்தலாம், ஸ்க்ரோல் ஆகுற லிஸ்ட் வைக்கலாம், ஐகான் பிரச்சனையெல்லாம் வரவே வராது, இதெல்லாம் உண்மை. ஆனா அங்கயும் விட்ஜெட்டுக்குள்ள உங்க இஷ்டத்துக்கு வரைய முடியாது, ரிமோட்வியூஸ்னு ஒரு பெட்டி, அதுல அனுமதிச்ச வியூஸ் மட்டும்தான். தானா அப்டேட் ஆகுற நேரத்த அரை மணிக்கு கீழ வைக்க முடியாது. பேக்கிரவுண்ட்ல வேல ஓட்டுற வொர்க்மேனேஜர் போட்டாலும் கால் மணிக்கு கீழ போகாது. துல்லியமான அலாரம் வைக்கலாம்னா அதுக்கு ஆண்ட்ராய்டு 12ல தனி பர்மிஷன் கொண்டு வந்தாங்க, 14ல புதுசா இன்ஸ்டால் பண்ற பெரும்பாலான ஆப்புக்கு அது தானா கிடைக்காத மாதிரி ஆக்கிட்டாங்க. அதுக்கு மேல சில போன் கம்பெனிங்க பேட்டரி மிச்சம் பிடிக்கறேன்னு பேக்கிரவுண்ட்ல இருக்கறத எல்லாம் கழுத்த நெரிக்கும், உங்க விட்ஜெட் ஒரு போன்ல ஓடும் ஒரு போன்ல சாகும். லாக் ஸ்க்ரீன் விட்ஜெட் 2012ல 4.2ல குடுத்தாங்க, ரெண்டே வருஷத்துல 5.0ல தூக்கிட்டாங்க, அத நம்பி ஆப் பண்ணவங்க நெலம? ப்ளே ஸ்டோர்லயும் 2023 நவம்பருக்கு அப்புறம் திறந்த தனிநபர் அக்கவுண்ட்னா வெளியிடறதுக்கு முன்னாடி 12 பேர் 14 நாள் தொடர்ந்து டெஸ்ட்ல இருக்கணும், மொதல்ல அது 20 பேரா இருந்துச்சு. ஸ்டோரே வேணாம், ஃபைலா குடுத்துடறேன்னா அதுக்கும் டெவலப்பர் அடையாளத்த சரிபாக்கணும்னு கூகுள் 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சுட்டாங்க.

கடைசியா 'இவங்க யாரு'ங்கற கேள்வி. எனக்கும் அந்த கேள்வி உண்டு. காசு குடுத்தவன் போன்ல என்ன ஓடணும்னு விக்கறவனே முடிவு பண்றது எனக்கு ஒப்புதல் இல்ல, கமிஷனும் அவங்களே எடுத்து ரூலும் அவங்களே போட்டு தீர்ப்பும் அவங்களே சொன்னா அது சரியான ஏற்பாடே இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துல சட்டம் போட்டு 2024 மார்ச்ல ஐஓஎஸ் 17.4ல இருந்து வேற ஸ்டோர்ங்கள உள்ள விட வச்சாங்க, நல்ல விஷயம்தான், அங்கயும் ஆப்பிளோட ஒரு அடிப்படை சோதனைய தாண்டித்தான் போகணும்ங்கறது வேற. ஆனா உங்க மெயிலுக்கு இதுல இருந்து என்ன கிடைக்கும்னு பாருங்க. நாளைக்கே உலகம் பூரா நூறு ஸ்டோர் வந்தாலும் அந்த நாலு ஐகானுக்கு வழி கிடைக்கலாம், ப்ரோ பட்டைக்கு கூட வழி கிடைக்கலாம், மத்தியானத்துக்கு மேல நின்னு போற விட்ஜெட் அப்பவும் நின்னுதான் போகும். ஏன்னா பட்ஜெட் போடறது ஸ்டோர் இல்ல, போனுக்குள்ள இருக்குற சிஸ்டம். உங்க ஃப்ரெண்ட்ஸ் குறை சொன்னதும் ஐகானப் பத்தி இல்ல, நின்னு போறதப் பத்திதான், அத கவனிச்சீங்களா?

அதனால மொதல்ல டைம்லைன மாத்தி எழுதுங்க, பட்டைய எடுங்க, கேபிள கழட்டிட்டு டெஸ்ட்ஃப்ளைட் வழியா உங்க போன்லயே போட்டு ரெண்டு நாள் சும்மா வச்சுப் பாருங்க. ஐகான் இல்லாம சப்மிட் பண்ணுங்க. ஐகானோட அடுத்த அப்டேட் போகும்போது ரிவ்யூ நோட்ஸ்ல இப்டி எழுதுனா போதும், இங்கிலீஷ்ல மாத்திக்கங்க:

"இந்த விட்ஜெட் யூசர் ஆப்ல பதிஞ்ச அன்றைய வேலைகளைக் காட்டுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்யத் தேவையான ஆப்பை யூசரே ஆப்புக்குள் தேர்ந்தெடுத்திருக்கிறார். விட்ஜெட்டில் தெரியும் ஐகான் அந்தத் தேர்வு மட்டுமே. தொட்டால் எங்கள் ஆப்பின் அந்த வேலைப் பக்கம் திறந்து அங்கிருந்து செல்லும். விளம்பரமோ விற்பனையோ விட்ஜெட்டில் இல்லை. வீடியோ இணைத்திருக்கிறேன்."

ரிஜெக்ட் வந்தா 'எந்த ஸ்க்ரீன், எந்த பட்டன்'னு மட்டும் திருப்பிக் கேளுங்க, நம்பர் மட்டும் குடுத்தா ஒத்துக்காதீங்க, போன்ல பேசணும்னும் கேக்கலாம். அந்த 4.2 மெசேஜோட முழு வார்த்தைய நீங்க எனக்கு அனுப்பல, அது ஐகானுக்காக வந்ததா இல்ல மொத்த ஆப்புக்கா வந்ததானு அதுல தெரியும், மொத்த ஆப்புக்குனா நான் சொன்ன வரிசை கொஞ்சம் மாறும், அத எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு எழுதறேன்.